காலின் கவுண்டிக்குக் குடிபோகும் முன்: ஒரு முகவரியைப் படிப்பது எப்படி?

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கும் என் மச்சான் போன மாதம் கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே, "நீங்க அங்கதானே இருக்கீங்க, காலின் கவுண்டி நல்ல இடமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். என்னால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. டெக்சஸின் இந்தக் கவுண்டியில் பத்து வருடம் இருந்தும் முடியவில்லை. யோசித்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. காலின் கவுண்டி என்ற இடத்தில் யாருமே குடியிருப்பதில்லை. எல்லோரும் அதற்குள் ஏதோ ஒரு தெருவில், ஒரு கதவு எண்ணில் குடியிருக்கிறோம். அந்தக் கதவு எண் மாறினால் வரி மாறுகிறது, பள்ளி மாறுகிறது, சில இடங்களில் மின்சாரம் தரும் நிறுவனம்கூட மாறுகிறது.

இது அவருக்காக எழுதத் தொடங்கியது. வேறு மாநிலத்திலிருந்து டெக்சஸ் பக்கம் வர நினைக்கும், வீடு வாங்குவதில் முதல் அனுபவமான யாருக்கும் உதவலாம்.

முதலில் கவுண்டி என்றால் என்ன? நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று சொல்லிவிடலாம், ஆனால் பாதிதான் சரி. டெக்சஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. நீதிமன்றம், சிறை, பத்திரப் பதிவு, நகர எல்லைக்கு வெளியே உள்ள சாலைகள் போன்றவை கவுண்டியின் வேலை. தண்ணீர், குப்பை, போலீஸ் எல்லாம் பெரும்பாலும் நகரத்தின் வேலை. பள்ளிகள் இவை இரண்டிலும் சேராது. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது தனி அரசாங்கம். அதற்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் தனி நிர்வாகக் குழு, தனி வரி, தனி எல்லை. இந்த எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பதுதான் புதிதாக வருபவர்களைக் குழப்பும் முதல் விஷயம். ஃபிரிஸ்கோ நகரத்தில் வீடு வாங்கி, பிள்ளை பிராஸ்பர் பள்ளிக்குப் போகலாம். மெக்கின்னி முகவரியில் இருந்துகொண்டு ஃபிரிஸ்கோ பள்ளிக்குப் போகலாம். ஃபிரிஸ்கோ நகரமே பாதி காலினிலும் பாதி டென்டன் கவுண்டியிலும் கிடக்கிறது.

காலின் கவுண்டி டல்லாஸுக்கு நேர் வடக்கே இருக்கிறது. தலைநகர் மெக்கின்னி. பிளானோ, ஆலன், வைலி, சலைனா, பிரின்ஸ்டன் எல்லாம் இதற்குள் வரும் ஊர்கள். 2000இல் இங்கே 4,91,675 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 10,64,465 பேர். ஃபிரிஸ்கோ மட்டும் அதே இருபது ஆண்டுகளில் 33,714இலிருந்து 2,00,509 ஆகிவிட்டது. மாநில வருமான வரி கிடையாது என்பது ஒரு காரணம். டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை கலிபோர்னியாவிலிருந்து 2017இல் பிளானோவுக்குக் கொண்டுவந்ததைப் போல வேலைகள் வந்தது இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை: நிலம். வடக்கே போகப் போகத் தட்டையான வயல்வெளி. மலையும் இல்லை, கடலும் இல்லை. பில்டர்களைத் தடுக்க ஒன்றுமில்லை.

வீட்டுச் சந்தையைப் புரிந்துகொள்ள இந்த மூன்றாவது காரணம் முக்கியம். சான் ஹோசேயில் தேவை கூடினால் விலை ஏறும், ஏனென்றால் புது வீடு கட்ட இடமில்லை. இங்கே தேவை கூடினால் வீடுகளின் எண்ணிக்கையும் சேர்ந்து கூடும். நீங்கள் ஐந்து வருடம் கழித்து விற்கப் போகும்போது, பத்து நிமிடத் தொலைவில் ஒரு பில்டர் புத்தம்புது வீட்டை, வட்டியைக் குறைத்துத் தந்து விற்றுக்கொண்டிருப்பார். உங்கள் போட்டியாளர் பக்கத்து வீட்டுக்காரர் அல்ல, அந்த பில்டர்தான். கலிபோர்னியாவில் வீடு வைத்திருந்தவர்கள் இதை மனதுக்குள் வாங்கிக்கொள்ளச் சிரமப்படுகிறார்கள்.

விலையை எங்கே பார்ப்பது?

டெக்சஸில் ஒரு விசித்திரம் உண்டு. வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பதை அரசிடம் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. பத்திரத்திலும் விலை இருக்காது. ஆகவே இணையத்தில் ஏதாவது ஒரு தளம் ஒரு வீட்டுக்கு மதிப்பு காட்டினால், அது விற்ற விலையைப் பார்த்துச் சொல்வதில்லை, ஊகித்துச் சொல்கிறது. உண்மையான விற்பனை விலை ரியல் எஸ்டேட் ஏஜெண்டுகளின் பட்டியலில்தான் இருக்கிறது. ஏஜெண்டிடம், "இதே சப்டிவிஷனில் (குடியிருப்புப் பகுதியில்) கடந்த ஆறு மாதத்தில் விற்று முடிந்த வீடுகளின் விலையைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். விற்பனைக்குப் போட்ட விலை வேண்டாம், முடிந்த விலை வேண்டும்.

அப்புறம், செய்திகளில் வரும் "கவுண்டியின் மீடியன் விலை" பற்றி. எல்லா விற்பனைகளையும் விலை வாரியாக வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது மீடியன். பிரின்ஸ்டன் பக்கம் சின்னப் புது வீடுகள் அதிகம் விற்றால் கவுண்டியின் மீடியன் இறங்கும். அதனால் பிளானோவில் ஒரு வீட்டின் விலைகூட இறங்காமல் இருக்கலாம். விலை மாறவில்லை, விற்ற வீடுகளின் கலவை மாறியிருக்கிறது. மீடியனைவிட எனக்குப் பிடித்த எண் ஒன்று உண்டு: இருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்பது. ஒரு பகுதியில் 300 வீடுகள் விற்பனைக்கு இருக்கின்றன, மாதம் 100 விற்கின்றன என்றால் இருப்பு மூன்று மாதம். ஆறு மாதத்தைச் சுற்றி இருந்தால் வாங்குபவரும் விற்பவரும் சமபலம் என்பது பொதுவான கணக்கு. அதற்குக் கீழே போகப் போக விற்பவர் கை ஓங்கும். இந்த எண்ணையும் கவுண்டிக்குப் பார்க்காதீர்கள், நீங்கள் வாங்க நினைக்கும் பகுதிக்கு, நீங்கள் வாங்க நினைக்கும் விலைக்குப் பாருங்கள். 4 லட்சம் டாலர் வீடுகளும் 12 லட்சம் டாலர் வீடுகளும் ஒரே சந்தை இல்லை.

வட்டி விகிதம் சந்தையை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. 30 ஆண்டு வீட்டுக் கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதம் வரை இறங்கியது. 2023 அக்டோபரில் 7.79 வரை ஏறியது. 4 லட்சம் டாலர் கடனுக்கு முன்னதில் மாதத் தவணை சுமார் 1,612 டாலர், பின்னதில் சுமார் 2,877. அதே வீடு, அதே கடன், மாதம் 1,265 டாலர் வித்தியாசம். குறைந்த வட்டியில் கடனைப் பூட்டி வைத்தவர் எதற்கு வீட்டை விட்டுக் கிளம்புவார்? பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகும் அங்கேயே இருப்பார். இதன் இன்னொரு முனையைப் பள்ளிகள் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

சொத்து வரி: இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள்

மாநில வருமான வரி இல்லை என்று சந்தோஷப்படுகிறோம். பள்ளிக்கும் நகரத்துக்கும் பணம் வானத்திலிருந்தா வரும்? சொத்து வரியிலிருந்து வருகிறது. ஒரே பில்லில் பல அரசாங்கங்கள் கை நீட்டும். வீட்டு மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் கவுண்டிக்குச் சுமார் 15 சென்ட், காலின் கல்லூரி என்ற சமுதாயக் கல்லூரிக்குச் சுமார் 8 சென்ட். பிளானோ, ஃபிரிஸ்கோ போன்ற பெரிய நகரங்களில் நகரத்துக்கு 40 சென்டுக்குச் சற்று மேல். பள்ளிக்கு, டிஸ்ட்ரிக்டைப் பொறுத்து, ஏறக்குறைய 1 டாலரிலிருந்து 1.25 டாலர் வரை. கூட்டினால் 1.7 சதவீதத்தைச் சுற்றி வரும், சில இடங்களில் 1.9 வரை போகும். 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 1.7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 8,500 டாலர். கடனை அடைத்து முடித்தாலும் இது நிற்காது.

சொந்தமாகக் குடியிருப்பவருக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு. பள்ளி வரிக்கான மதிப்பிலிருந்து 2023இல் 1 லட்சம் டாலர் கழித்தார்கள். 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு அது 1,40,000 ஆனது. விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், தானாக வராது. இந்த விலக்கோடு இன்னொரு பாதுகாப்பும் சேர்ந்து வருகிறது: சந்தை எவ்வளவு ஏறினாலும் வரிக்கு எடுக்கும் மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது.

இந்தப் பாதுகாப்புதான் வாங்குபவருக்குக் கண்ணியாகவும் ஆகிறது. விற்பவர் 2012இலிருந்து அங்கே இருக்கிறார் என்று வையுங்கள். 2021, 2022இல் சந்தை மதிப்பு எகிறியபோது அவருடைய வரி மதிப்பு பத்துப் பத்து சதவீதமாக மெதுவாகத்தான் ஏறியிருக்கும். நீங்கள் வாங்கியதும் அந்த உச்சவரம்பு கழன்றுவிடும், முழுச் சந்தை மதிப்புக்கு உங்களுக்கு வரி வரும். விற்பவருக்கு 65 வயது தாண்டியிருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அவருடைய பள்ளி வரித் தொகையே உறைந்து நிற்கும். வயதைக் காட்டும் விவரத்தை, வரிக்காக வீடுகளுக்கு மதிப்புப் போடும் மதிப்பீட்டு அலுவலகம் இணையத்தில் போடக்கூடாது என்று சட்டம் இருப்பதால், அதை நீங்கள் பார்க்கவும் முடியாது. ஆகவே விளம்பரத்தில் "சென்ற ஆண்டு வரி" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். நீங்கள் தரப்போகும் விலையை இன்றைய வரி விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். ஹோம்ஸ்டெட் விலக்குக்கு முன் உங்கள் வரி ஏறக்குறைய அதுதான்.

புது வீட்டில் வேறு மாதிரி ஏமாற்றம். வரிக்கான மதிப்பு ஜனவரி 1 அன்று இருந்த நிலையைப் பார்த்துப் போடப்படுகிறது. அன்று உங்கள் மனை வெறும் மண்ணாக இருந்திருந்தால், முதல் ஆண்டு பில் மண்ணுக்கு மட்டும்தான். எங்களுக்கு இது நடந்தது. கடன் கொடுத்தவர்கள் அந்தச் சின்ன பில்லை வைத்தே மாதாமாதம் எஸ்க்ரோவில், அதாவது வரி கட்டுவதற்காகத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் கணக்கில், பிடித்தார்கள். நாங்களும் "பரவாயில்லையே, நினைத்ததைவிடக் குறைவு" என்று சோபா வாங்கினோம். அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் பில் வந்தது. இனிமேலுக்கான உயர்வும் போன ஆண்டுப் பற்றாக்குறையும் சேர்ந்து மாதத் தவணை ஒரேயடியாக ஏறியது. சோபா இன்னும் இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனைவிக்குச் சிரிப்பு வருகிறது, எனக்கு வருவதில்லை.

சலைனா, பிரின்ஸ்டன் போன்ற புது வளர்ச்சிப் பகுதிகளில் இன்னும் ஒன்றைக் கேளுங்கள்: மட் (MUD) உண்டா, பிட் (PID) உண்டா? நகரக் குழாய் எட்டாத வயலில் வீடு கட்டும்போது, தண்ணீர், சாக்கடை, சாலைக்கான கடனை அந்தக் குடியிருப்பின் தலையில் கட்டும் ஏற்பாடுகள் இவை. மட் என்பது தண்ணீர், சாக்கடை வசதிக்கான சிறப்பு வரி மாவட்டம். அதன் வரி ஒன்றே ஒரு நகர வரியளவுக்கு வரலாம். பிட் என்பது பல ஆண்டுகளுக்குத் தனியாகக் கட்டும் தொகை. வீட்டின் விலை பக்கத்து ஊரைவிட 40,000 டாலர் குறைவாக இருப்பதற்குக் காரணம் சில நேரம் இதுவாகவே இருக்கும். விற்பவர் இதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்தத் தாள், கையெழுத்துப் போடச் சொல்லும் காகிதக் கட்டின் நடுவில் எங்கேயோ இருக்கும்.

மண்ணும் வானமும்

இந்தக் கவுண்டி கரிசல் மண் பூமி. கோவில்பட்டிப் பக்கத்துக்காரருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வீடுகளுக்கு இங்கே நிலவறை கிடையாது, ஒரு கான்கிரீட் பலகையின் மேல் முழு வீடும் உட்கார்ந்திருக்கும். மண் ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் சுருங்கினால் பலகை வளையும், சுவரில் விரிசல் வரும், கதவு மூடாது. கோடையில் வீட்டைச் சுற்றிக் கசியும் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுபவர்களைப் பார்த்து நான் முதலில் சிரித்தேன். இப்போது நானும் விடுகிறேன். வீடு பார்க்கப் போகும்போது ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், வெளிச் செங்கலில் படிக்கட்டு போல ஏறும் விரிசல், தானாகத் திறந்துகொள்ளும் கதவு, இவற்றைக் கவனியுங்கள். அஸ்திவாரம் பழுது பார்க்கப்பட்ட வீடு என்றாலே ஓட வேண்டியதில்லை. யார் செய்தது, உத்தரவாதம் புது உரிமையாளருக்கு மாறுமா என்று கேளுங்கள்.

வானத்திலிருந்து ஆலங்கட்டி வரும். 2016 ஏப்ரல் 11 அன்று வைலியில் விழுந்த ஆலங்கட்டிகள் கூரைகளையும் ஜன்னல்களையும் நொறுக்கிவிட்டுப் போயின, ஊர்ப் பள்ளிகளையே மூட வேண்டி வந்தது. இதனால் வீட்டுக் காப்பீடு இங்கே விலை அதிகம். காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். 4 லட்சத்துக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால், கூரை போனால் முதல் 8,000 டாலர் உங்களுடையது. கூரையின் வயதைக் கேட்காமல் விலை பேசாதீர்கள். அந்த முகவரிக்குக் காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று முன்பணம் கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

டெக்சஸ் ஒப்பந்தத்தில் ஆப்ஷன் காலம் என்று ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஒரு சிறு தொகை கட்டினால், பேசிக்கொண்ட சில நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். மேலே சொன்ன சோதனைகள் அனைத்தையும் அந்த நாட்களுக்குள் முடிக்க வேண்டும்.

பள்ளி

நம் ஆட்கள் முதலில் கேட்பது, இணையதளங்கள் ஒரு பள்ளிக்குத் தரும் மதிப்பெண்தான். எனக்கு அந்த எண்ணின் மேல் பெரிய மரியாதை இல்லை. அது பெரும்பாலும் பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும்தான் அளக்கிறது. இரண்டு நல்ல டிஸ்ட்ரிக்டுகள் எவ்வளவு வேறுபடலாம் என்று பாருங்கள். ஆலனில் ஊருக்கே ஒரு உயர்நிலைப் பள்ளி, 5,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். 2012இல் அவர்கள் திறந்த அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் 18,000 பேர் உட்காரலாம், செலவு 6 கோடி டாலர். ஃபிரிஸ்கோ இதற்கு நேர் எதிர்: ஒவ்வொரு பள்ளியையும் சிறியதாக வைக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை, அதனால் 12 உயர்நிலைப் பள்ளிகள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு எது சரி, பேண்ட் வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு எது சரி என்பதை எந்த மதிப்பெண்ணும் சொல்லாது.

ஒன்பதாம் வகுப்பை நெருங்கும் பிள்ளை இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1997இல் வந்த சட்டப்படி, தன் பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் அந்த வரம்பு சுருங்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு 5 சதவீதம் ஆகிவிட்டது. போட்டி மாநிலம் முழுவதோடும் இல்லை, பக்கத்து பெஞ்சோடு. எல்லோரும் கெட்டிக்காரர்களாக இருக்கும் பள்ளியில் உங்கள் கெட்டிக்காரப் பிள்ளை 12ஆவது சதவீதத்தில் நிற்கலாம். "முதல்தரப் பள்ளி" என்று தேடி வந்து, பிறகு இதைக் கண்டு திகைக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு.

பழைய பகுதிகளில் பள்ளி மூடப்படுவதும் நடக்கிறது. பிளானோ டிஸ்ட்ரிக்ட் 2024இல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. பிறப்பு குறைந்தது, வீட்டு விலை இளம் குடும்பங்களின் கைக்கு எட்டவில்லை, பெரியவர்கள் வீட்டை விடவில்லை. வட்டிக் கணக்கின் இன்னொரு முனை என்று சொன்னேனே, அது இதுதான். வடக்கே சலைனாவில் புதுப் பள்ளி கட்டக் கட்டப் போதவில்லை. ஆகவே வாங்கும் முன் பள்ளியின் இன்றைய தரத்தோடு மாணவர் எண்ணிக்கை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பாருங்கள். எண்ணிக்கை எந்தப் பக்கம் போனாலும் எல்லைக்கோட்டை மாற்றி வரைவார்கள். அந்தக் கோடு உங்கள் தெருவைத் தாண்டிப் போகலாம்.

ஊர் வளர்ச்சியைத் தாங்குமா?

பிரின்ஸ்டன் 2023இலிருந்து 2024க்குள் 30 சதவீதத்துக்கு மேல் வளர்ந்து, நாட்டிலேயே வேகமாக வளரும் நகரம் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையால் அறிவிக்கப்பட்டது. கேட்கப் பெருமையாக இருக்கும். அதே 2024 செப்டம்பரில் அந்த நகர மன்றம் புதுக் குடியிருப்புக் கட்டுமான அனுமதிகளைத் தற்காலிகமாக நிறுத்தியது, தண்ணீருக்கும் சாக்கடைக்கும் சாலைக்கும் போலீஸுக்கும் ஈடுகொடுக்க முடியவில்லை என்று. மலிவான வீட்டின் மீதி விலையை மக்கள் 380ஆம் நெடுஞ்சாலையில் நின்று நேரமாகக் கட்டுகிறார்கள். வேலை பிளானோவில் இருந்தால், செவ்வாய்க்கிழமை காலை ஏழேமுக்காலுக்கு அந்த வீட்டிலிருந்து கிளம்பிப் பாருங்கள். ஞாயிறு மதியம் வண்டி ஓட்டிப் பார்த்து ஏமாறாதவர் இல்லை. டோல் ரோடில் போனால் சீக்கிரம் போகலாம், ஆனால் தினமும் போக வர டோல் கட்டினால் மாதக் கடைசியில் தெரியும்.

வரப்போகும் சாலைகளையும் பாருங்கள். மெக்கின்னியில் 380க்கு மாற்றுப்பாதை எங்கே போகும் என்று வருடக்கணக்கில் சண்டை நடந்தது. அங்குள்ள விமான நிலையத்தைப் பயணிகளுக்காக விரிக்கும் கடன் பத்திரத்தை 2023 மே மாதம் வாக்காளர்கள் நிராகரித்தார்கள், ஆனாலும் நகரம் வேறு வழியில் அந்தத் திட்டத்தைத் தொடர்ந்தது. வீட்டுக்குப் பின்னால் "பசுமையான வெளி" என்று ஏஜெண்ட் சொல்வது நாளைய ஆறு வழிச் சாலையாக இருக்கலாம். நகரத்தின் நில உபயோக வரைபடத்தையும் சாலைத் திட்ட வரைபடத்தையும் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

மின்சாரம்: பெரும்பாலான முகவரிகளில் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், கோஆபரேட்டிவ் எனப்படும் கூட்டுறவுச் சங்கங்கள் மின்சாரம் தரும் பகுதிகளில் அந்த உரிமை இல்லை. கோவில், தமிழ் வகுப்பு, மளிகை பற்றிக் கவலை வேண்டாம். ஃபிரிஸ்கோ காரிய சித்தி ஹனுமான் கோவிலில் சனிக்கிழமை வாகனம் நிறுத்த இடம் கிடைப்பதுதான் பிரச்சினை.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு என் கருத்து ஒன்று உண்டு. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் என்ற நிலையில், வந்த முதல் ஆண்டே வாங்க வேண்டாம், வாடகைக்கு இருங்கள். ஒரு கோடை, ஒரு ஆலங்கட்டிப் பருவம், ஒரு பள்ளி ஆண்டு பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். வாடகை வீண் என்று மாமனார் சொல்வார். அதே வீட்டின் மாத வாடகையையும், தவணை, வரி, காப்பீடு, குடியிருப்போர் சங்கக் கட்டணம் எல்லாம் சேர்ந்த மாதச் செலவையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள்.

மச்சான் நேற்று ஒரு முகவரி அனுப்பினார். ஆலனில், 2004இல் கட்டிய வீடு, விலை 5,20,000. விளம்பரத்தில் சென்ற ஆண்டு வரி குறைவாகத்தான் இருக்கிறது. மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். சந்தை மதிப்புக்கும் வரிக்கு எடுத்த மதிப்புக்கும் நடுவே 90,000 டாலர் இடைவெளி. கூரையின் வயது எங்கேயும் இல்லை. இன்று இரவு அவர் வேலை முடிந்து வந்ததும் கூப்பிட வேண்டும்.